நாயுண்ணி வேலி

நாயுண்ணிப் பழம் தின்று நாக்குக் கறுத்து, அதற்காக வீட்டில் அடியும் வாங்கியவர்கள் யாராவது இன்னும் மிச்சமிருந்தால், இது அவர்களுக்கு. மற்றவர்களும் வாசிக்கலாம், தடையில்லை. அந்தப் பழத்தின் ருசி தெரியாதவர்களுக்குப் பாதிதான் விளங்கும், அவ்வளவுதான்.

படுவான்கரையில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. வாவிக்கு மேற்கே எந்தக் கல்யாண வீட்டுக்குத் தயிர் வேண்டுமென்றாலும் என் வீட்டுக்குத்தான் ஆள் வரும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. தலையில் தயிர்ச்சட்டி சுமந்து தோணியேறி விற்கத் தொடங்கிய பெண் நான். இன்று என் சொந்த வான் ஓடுகிறது. வங்கிக்குப் போனால் சின்னத் தம்பிமார் எழுந்து நின்று கதிரை தருகிறார்கள். பீற்றுகிறாள் என்று நினைத்தால் நினையுங்கள். மாட்டைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றுதான் தலை நரைக்கும்வரை நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டு வளவும் வயலும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகும். அதனால் கூடப்பிறந்த பெண்களின் வீடுகள் ஒட்டியே இருக்கும். அம்மாவின் வளவுக்கும் பெரியம்மாவின் வளவுக்கும் நடுவில் நின்றது நாயுண்ணி வேலி. எனக்கு நினைவு தெரிந்தபோதே அது ஆள் உயரம். தண்டைப் பிடித்தால் நாலு மூலை தெரியும், மூலை நெடுக வளைந்த சின்ன முள். இலை பூனை நாக்கைப் போலச் சொரசொரக்கும். கசக்கினால் வருகிற மணம் எனக்கு நாற்றம், பெரியம்மாவின் மகளுக்கு வாசனை. அவள் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். அந்த மணத்துக்காகவே நாங்கள் மயிர் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறோம். பூவெல்லாம் கொத்துக்கொத்தாக, நடுவில் மஞ்சள், ஓரத்தில் ரோசா. இன்றைக்கு மஞ்சளாகப் பார்த்த பூ நாளைக்கு நிறம் மாறி நிற்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடியை உறிஞ்சினால் ஒரு பொட்டுத் தேன். பழம் பச்சையாக இருக்கும்போது தொடமாட்டோம். நீலமும் கறுப்புமாகப் பழுத்துவிட்டால் கொண்டைக்குருவிக்கும் எங்களுக்கும் போட்டிதான்.

அப்பாவுக்கு அந்த வேலியில் பெரிய மதிப்பு. தென்னங்கிடுகு வேலியை மாடு பிய்த்துத் தின்றுவிடும். இதை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "மாடு வாய் வைக்காத வேலி இது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்.

எங்கள் குடிக்கு ஒரு மாட்டுக்குறி உண்டு. பெரியம்மாவின் மாட்டுக்கும் எங்கள் மாட்டுக்கும் தொடையில் ஒரே குறிதான் சுடுவது. சுடுகிற கம்பியும் ஒன்றுதான், எங்கள் வீட்டுக் கூரை இடுக்கில் செருகியிருக்கும். அந்தக் கம்பி பிறகு எந்த இடப்பெயர்வில் போனதோ தெரியாது. பெரியப்பா நேரத்தோடு செத்துப்போனதால் பெரியம்மாவிடம் இருந்தது ஒரேயொரு பசு. அது எங்கள் பட்டியில் நின்ற நாட்களில் ஈன்ற கன்றை அப்பா எங்கள் கன்றுகளோடு சேர்த்துக் குறி சுட்டுவிட்டார். தெரியாமல் சுட்டாரா, தெரிந்து சுட்டாரா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்ட கண்டு எங்க?"

"எந்தக் கண்டு? பட்டிக்குள்ள நிக்கிறதெல்லாம் எங்கட குறிதானே கா."

"குறி உனக்கு மட்டுமா? நானும் நீயும் ஒரு வயித்துலதானே பிறந்தம்."

அப்பா சிரித்தார். "மச்சாள், கண்டுட நெத்தியில உங்கட பேர் எழுதியா கிடக்கு?"

"சிரி, நல்லாச் சிரி. பால்குடி மறக்காத கண்டைத் தாயிட்ட இருந்து பிரிச்ச பட்டி விளங்காது. நீயே பாப்பாய்."

அதைத் தெருவே கேட்டது. பெரியம்மாவின் தொண்டை அப்படி.

அந்த வருடம் மாரி பிந்தியது. பெரும்போக விதைப்புக்கு முன்னால் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், மாடு நிற்கக்கூடாது. வட்டைவிதானையார் நாள் குறித்து அறிவித்துவிட்டால் எல்லாப் பட்டியும் மேற்கே காட்டுப்பக்கம் போய்விட வேண்டும். அவர் வழக்கம்போல அறிவித்தார். மழைதான் வழக்கம்போல வரவில்லை. அப்பா மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போய், திரும்பவும் சாய்த்துக்கொண்டே வந்தார். காட்டுக்குளமெல்லாம் வெடித்துக் கிடக்கிறதாம். வயலுக்குள் விட்டால் குற்றம், காட்டில் விட்டால் சாவு. வீட்டுக்குப் பின்னால், கோடிக்குள்ளேயே பட்டி அடைத்தார்கள். இரவும் பகலும் அடைத்த பட்டி. இருந்த வைக்கோல் முடிந்துபோனது. மாடுகள் ஒன்றின் முதுகை ஒன்று நக்கிக்கொண்டு நின்றன.

பட்டியின் பழைய வேலி உக்கிப்போய், நரி வந்து ஒரு கன்றின் காதைக் கடித்துவிட்டது. நாயுண்ணியோ பாதையை மூடி வளர்ந்திருந்தது. அப்பா அதை வெட்டி, முள்ளோடும் இலையோடும் இழுத்துப் பட்டியைச் சுற்றி அடுக்கினார். "வேலியும் கட்டையாச்சு, பட்டிக்கும் முள்ளாச்சு" என்று கைதட்டித் தூசு உதறினார். நல்ல வேலைக்காரன் செய்கிற வேலைதான். நான் அப்பாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

முதலில் விழுந்தது வெள்ளைப் பசு. அசை போடவில்லை. கண் மஞ்சளாகிவிட்டது, நான் பார்த்தேன், அரைத்த மஞ்சளைப் பூசினதுபோல. வெயில் ஏற ஏற மாட்டு நிழலுக்குள் மாடு ஒளிந்தது. பிறகு மூக்கு வெடித்தது, மடி வெடித்தது. தோல் காய்ந்து உரிந்து தொங்கியது. உள்ளே சிவப்புச் சதை, அதில் மொய்க்கிற இலையான். பால் கறக்கப் போன அம்மா கையை எடுத்துக்கொண்டு அழுதார். கறுத்த மாடுகளுக்கு அவ்வளவு இல்லை, ஆனால் அவையும் சாப்பாட்டை விட்டு நின்றன. அந்த அழுகின மணமும் வேப்பிலைப் புகையும் சேர்ந்து வீட்டுச் சீலையிலெல்லாம் ஏறியிருந்தது.

எங்களூரில் மாட்டுக்கு நோய் வருத்தம் என்றாலும் மனிசருக்கு வருத்தம் என்றாலும் கட்டாடியாரைத்தான் கூப்பிடுவது. மந்திரம் தெரிந்தவர், கோயிலில் பூசையும் அவர்தான். உடுக்கை அடித்தார், வெற்றிலையில் மை தடவிப் பார்த்தார்.

"வெயிலுக்கு ஒளிக்கிற மாட்டை எங்கயும் கண்டிருக்கிறீங்களா? இது வந்ததில்ல. வச்சது."

"ஆர் வச்சது?" அப்பா கேட்டார்.

"தூரத்துக் கை இல்ல. ஒரே குறிக்குள்ள நிண்ட கை."

எல்லோர் முகமும் வேலிப்பக்கம் திரும்பியது. சந்தேகப்பட்டவர்களுக்கும் ஒரு சாட்சி கையோடு இருந்தது. பெரியம்மாவின் பசு கல்லுப்போல நின்றது. அவர் அதைத் தன் வளவுக்குள் மரத்தில் கட்டி, வாழைத்தண்டு வெட்டிப் போட்டு, கஞ்சித்தண்ணீர் வைத்து வளர்த்தார். "இஞ்ச பட்டி அழியுது, அங்க அவட மாடு மினுங்குது பார்" என்று முன்வீட்டுப் பெண் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மினுங்கத்தான் செய்தது.

கட்டாடியார் இன்னொன்றும் சொன்னார். செத்த மாட்டின் வயிற்றைத் திறக்கக்கூடாது, தோலும் உரிக்கக்கூடாது, திறந்தால் உள்ளே வைத்தது வெளிக்கிட்டு வீட்டுக்குள் வரும். தேசிக்காய் வெட்டிக் குழியின் நாலு மூலையிலும் போட்டு முழுசாகத் தாட்டார்கள். பட்டியில் பாதிக்குமேல் அப்படித்தான் மண்ணுக்குள் போனது. மழை தொடங்கிப் புல் முளைத்ததும் மிச்சம் தப்பியது. கட்டாடியார் கட்டிய காவல் பலித்ததென்று சொன்னார்கள்.

பெரியம்மாவை யாரும் அடிக்கவில்லை. கல் எறியவுமில்லை. அவர் கிணற்றடிக்கு வந்தால் மற்றப் பெண்கள் குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். அக்காவோடு கதைத்தால் எனக்கு வாயில் சூடு என்று அம்மா சொன்னார். வைகாசியில் அம்மன் சடங்குக்கு வீடு வீடாக நெல் எடுக்க வந்தார்கள். பெரியம்மா சுளகில் நெல்லோடு வாசல் படலையில் நின்றார். பறைச்சத்தம் எங்கள் வாசலில் நின்றது, அவர் வாசலைத் தாண்டியது. சுளகைக் கீழே வைக்காமல், அவர்கள் தெருமுனையில் திரும்பும்வரை அப்படியே நின்றார்.

அதற்குப் பிறகு இருக்க முடியுமா? பசுவை விற்றுவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு வாவியைக் கடந்து எழுவான்கரைக்குப் போய்விட்டார், கடலோரத்தில் கருவாடு காயப்போட்டுப் பிழைக்க. நாயுண்ணி வேலியில் ஒரு ஓட்டை இருந்தது, அக்காவும் நானும் போய்வருகிற ஓட்டை. கொஞ்ச நாளில் அது தானாகவே வளர்ந்து மூடிக்கொண்டது.

அம்மா சாகும்வரை தன் அக்காவின் பேச்சை எடுத்ததில்லை. நான் வளர்ந்தேன், மிஞ்சிய மாடுகளிலிருந்து பட்டி பெருக்கினேன், தயிர் விற்றேன். விற்கப் போகிற சாக்கில் கடற்கரைக்கும் போய்ப் பெரியம்மாவைப் பார்த்திருக்கிறேன். கிழவி என்னைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, "பட்டி நல்லா நிக்குதா பிள்ள?" என்பதுதான். ஒரு தடவையும் குத்திக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கடல் வந்த மார்கழி நாளில் நான் அரிசியும் தயிருமாகக் கிடைத்த வாகனத்தில் ஏறிப் போனேன். பள்ளிக்கூட விறாந்தையில் அக்கா இருந்தாள், யாரோ கொடுத்த ஆம்பிளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு. "கையப் பிடிச்சிக்கொண்டுதான் ஓடினன்" என்றாள். பெரியம்மா கிடைக்கவேயில்லை.

பிறகு எங்கள் பக்கம் சண்டை முற்றி, படுவான்கரைச் சனமெல்லாம் பையும் பிள்ளையுமாக வாவியைக் கடந்து முகாமுக்குப் போனோம். மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் போனோம். சண்டை முடிந்தது, போங்கள் என்று திரும்ப அனுப்பியபோது வளவைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஊர் முழுக்க நாயுண்ணி. வீட்டுச் சுவருக்குள் நாயுண்ணி, கிணற்று வாயில் நாயுண்ணி. காவலரண் இருந்த இடத்தில் முட்கம்பி நெடுகப் பிடித்து வைத்த வரிசைபோல ஒரே நேராக நின்றது. ஏனென்று யோசித்தேன். கம்பியில் குருவி வந்து இருக்கும், பழம் தின்ற குருவி கீழே எச்சம் போடும், அதற்கு நேர் கீழே முளைக்கும். யாரும் சொல்லித்தரவில்லை, நானே பார்த்துப் பிடித்தது. நிலத்தில் படுகிற கொப்பும் வேர் விடும். எரித்தால் அடிக்கட்டையிலிருந்து இரண்டு மடங்காக வரும். மிதிவெடிக்குப் பயந்து ஒருவரும் உள்ளே போகாத காணிகளில் அது ராசா மாதிரி இருந்தது.

அக்காவுக்குக் கடற்கரையில் திரும்ப வீடு கட்ட விடவில்லை. கடலுக்கு அவ்வளவு கிட்ட இருக்கக்கூடாதாம். கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. "அம்மாட வளவுக்கு வரட்டா?" என்று கேட்டாள். "உன்ட வளவுக்கு வாறத்துக்கு என்னட்ட ஏன் கேட்கிறாய்?" என்றேன். தகரம் போட்டு ஒரு கொட்டில் அடித்துக் கொடுத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பக்கத்து வளவில் அடுப்புப் புகை எழும்பியது.

அந்த நேரத்தில்தான் குடியேறிய குடும்பங்களுக்கு நிவாரணமாகப் பசு கொடுத்தார்கள். எங்கோ வெளியூரிலிருந்து லொறியில் வந்த, வெள்ளையும் சிவப்பும் கலந்த நல்ல சாதிப் பசுக்கள். அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய பதிவு கடற்கரைப் பக்கமாம். மேய்ச்சல் நிலமெல்லாம் பற்றை என்பதால் சனம் பசுக்களை வளவுக்குள்ளேயே குட்டைக் கயிற்றில் கட்டி வைத்தது. கோடை முற்றியது. ஒரு நாள் முன்வீட்டுப் பசுவின் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள். மூக்கு வெடித்திருந்தது.

குழாயடியில் கதை தொடங்கியிருந்தது.

"தாய்க்காறி பட்டியைத் திண்டவ. இப்ப மகள் வந்திரிக்கா."

"மாடு கிடைக்காத எரிச்சல் இரிக்கும்தானே கா."

"வந்து எத்தனை நாள்? அதுக்குள்ள மூண்டு மாடு."

அக்கா குடத்தோடு என் வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் பாதிதான் இருந்தது. "நான் போறன் பிள்ள. எங்க எண்டு தெரியா. இந்தக் கிணத்தடிப் பார்வையை நான் சின்னதிலயே பார்த்து முடிச்சிட்டன்."

"ஒரு நாள் பொறு" என்றேன். "ஒரு நாள்தான். மறுகா நானே கொண்டுபோய் விடுறன்."

வானை எடுத்துக்கொண்டு போய் மாட்டு டொக்டரைக் கையோடு கூட்டி வந்தேன். ஏறாவூர்த் தம்பி, மீசை சரியாக முளைக்காத வயது. மாட்டைப் பார்த்தான், கட்டியிருந்த இடத்தைப் பார்த்தான், பற்றையில் ஒரு கொப்பை ஒடித்தான்.

"இதைத் திண்டிருக்கு."

"நாயுண்ணியை மாடு தின்னாது தம்பி. நான் மாட்டுக்குள்ள பிறந்தவள்."

"பசிச்சாத் தின்னும்மா. மத்தது, இது வேற ஊர் மாடு, இதுக்கு இந்த இலை தெரியா. ஈரலைப் பிடிக்கும். ஈரல் பழுதானாத் தோல் வெயில் தாங்காது. வெள்ளை இடம்தான் முதல்ல வேகும்."

நான் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்து அவனுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அன்று காலை செத்த பசு ஒன்று புதைக்காமல் கிடந்தது. ஊர்ச்சனம் சுற்றி நிற்க, வயிற்றைத் திறந்தான். இரைப்பைக்குள்ளிருந்து பச்சைக் குவியலை அள்ளி நிலத்தில் போட்டான். அந்த மணம் எழும்பியது. அத்தனை நாற்றத்துக்குள்ளும் எனக்குத் தெரிந்த மணம்.

அப்பா அடுக்கிய முள்ளும் இலையும், உள்ளே பசியோடு நின்ற மாடுகளும், யாரும் திறக்காத வயிறுகளும் என் கண்முன்னால் தெரிந்தன. ஒரு கத்தி போதுமாயிருந்தது. அந்த ஒரு கத்தியைத்தான் கட்டாடியார் வேண்டாமென்றார்.

அன்று பின்னேரமே கோயில் முன்றலில் சனத்தைக் கூட்டினேன். நான் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது, பாதிப் பேர் எனக்குப் பால் ஊற்றுகிறவர்கள். என் அப்பாவின் பட்டி எப்படிச் செத்ததென்று சொன்னேன். பெரியம்மா ஒன்றும் வைக்கவில்லை, மாடு இலை தின்று செத்தது, அவருடைய பசு தப்பியது வாழைத்தண்டால் என்று சொன்னேன். "இந்தப் பத்தை ஒருத்தரும் வச்சதில்ல. குருவி கொண்டுவந்தது, குருவியே பரப்பினது" என்று சத்தமாகச் சொன்னேன். முன்வீட்டுப் பெண், இப்போது கிழவி, தலையைக் குனிந்தாள். நல்லாகப் பேசினேன் என்று டொக்டர்த் தம்பியே சொன்னான். தப்பிய மாடுகளை நிழலில் கட்டி, கரி கரைத்துப் பருக்கினான். ஊர் கத்தி எடுத்துப் பற்றை வெட்டத் தொடங்கியது.

மறுநாள் அக்கா வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்துத் தேத்தண்ணி ஊற்றினேன். அவள் உட்காரவில்லை.

"குருவி கொண்டுவந்தது எண்டு சொன்னியாம்."

"ஓம். அப்படித்தானே பரவுது."

"பரவுறது சரி. முதல் வேலி அம்மா நட்டது."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அப்பா செத்தாப்பிறகு அம்மா வாழைச்சேனையில ஒரு இஞ்சினியர் வீட்ட சமைக்கப் போனவ. நீ கைக்குழந்தை. அந்த வீட்டு வாசல்ல இந்தப் பூ நிண்டதாம். ஒரே கொத்துல ரெண்டு நிறம். வேலையை விட்டுட்டு வாற நாள் நாலு கம்பை ஈரச்சீலையில சுத்தி, பஸ்ஸில மடியில வச்சுக்கொண்டு வந்தவ. முள்ளுக் குத்தின அடையாளம் கையில கிடந்தது. சாகும்வரைக்கும் கிடந்தது."

"மெல்லக் கதை அக்கா" என்றேன். "ஆரும் கேட்டா, அப்ப அவட கைதானே எண்டு திரும்பவும் துவங்குவானுகள். நீ இஞ்ச இரிக்கவேணும்."

"துவங்கட்டும். இந்த ஊர் அம்மாவைப் பத்திச் சொன்னதெல்லாம் பொய். மெய்யாச் சொல்றதுக்கு இது ஒண்டுதான் கிடந்தது, ஒரு பூவுக்கு ஆசைப்பட்டா எண்டு. அதையும் நீ குருவிக்குக் குடுத்திட்டாய்."

சொல்லிவிட்டு அவள் தன் கொட்டிலுக்குப் போய்விட்டாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

குருவிக் கதைதான் புத்தியான கதை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவளுடைய தாய், அவளுடைய வளவு. அடுத்த நாள் பால் ஊற்ற வந்தவர்களிடம் சொன்னேன். இந்த ஊருக்கு நாயுண்ணியைக் கொண்டுவந்து நட்டவர் என் பெரியம்மா, பூவுக்காக. எல்லோரும் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கட்டாடியாரின் வீட்டில் பெண் எடுத்த கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப பட்டி அழிஞ்சது அவட கையாலதானே?"

"ஓம்" என்றேன். "பூவுக்கு நீட்டின கைதான்."

அவர் பாலை ஊற்றிவிட்டுப் போனார். நம்பினாரோ, வீட்டில் போய் வேறு விதமாகச் சொன்னாரோ எனக்குத் தெரியாது. பக்கத்து வளவில் அக்கா பற்றை வெட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் கதைத்தபோது அந்தக் கத்திச் சத்தம் நின்றிருந்தது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்கத் தொடங்கியது.